வீட்டின் உயரமும் வீதியின் அகலமும்



புது டில்லியின் தென்மேற்குப் பகுதியில் உள்ள மோதி பாக் என்னும் குடியிருப்பைத் தமிழ் மக்கள் பலரும் அறிவர். மோதி என்றால் முத்து. பாக் என்றால் தோட்டம். முத்துத் தோட்டம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கே நடைபெறுகிறது. அடுத்துள்ள இராமகிருஷ்ணபுரத்தில் டில்லித் தமிழ்ச் சங்கமும், ஒரு குன்றின் மேல் 1973-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும் இருக்கின்றன. மத்திய அரசின் அலுவலகங்களில் பணியாற்றவந்த தமிழர்களுக்கு இந்த வட்டாரம் நெடுங்காலமாக இரண்டாவது ஊர் போன்றது.

சுதந்திரத்திற்குப் பின்வந்த ஆண்டுகளில் அரசு ஊழியர்களுக்காக இங்கே எழுப்பப்பட்ட குவார்ட்டர்ஸ் வீடுகள் தாழ்வானவை. ஒரு மாடி, இரண்டு மாடி. அவற்றுக்கு நடுவே புல்வெளி. ஓரத்தில் வேம்பும் நாவலும். மரம் வீட்டைவிட உயர்ந்து நிற்கும் குடியிருப்புகள் அவை. இன்று சுற்றுவட்டச் சாலையில் நின்று பார்த்தால் அந்தக் காட்சி மாறிவருவது தெரியும். நேதாஜி நகரிலும் சரோஜினி நகரிலும் நௌரோஜி நகரிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழுந்துள்ளன. ஆகவே ஒரு கேள்வி இயல்பாகவே நம் உள்ளத்தில் எழுகிறது. ஒரு கட்டிடம் எவ்வளவு உயரம் எழலாம் என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்வி நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. வெளிமாநிலங்களில் வாழும் தமிழரில் பெரும்பாலோர் வாடகை வீட்டிலோ, அரசு வீட்டிலோ, கடன் வாங்கி வாங்கிய அடுக்ககத்திலோ வாழ்பவர்கள். மேலே எத்தனை மாடி எழுகிறது என்பதில் அவர்களுடைய சொல்லுக்கு இடமில்லை. ஆனால் அதன் பயனையும் பழுதையும் முதலில் அனுபவிப்பவர்கள் அவர்களே. ஆகையால் அந்த விதிகளின் உட்பொருளை நாம் ஓரளவேனும் அறிந்துவைத்திருப்பது நலம்.

உயரத்திற்கு வரம்பு கட்டுவது புதிய செய்தியன்று. பண்டைய உரோமாபுரியில் வாடகைக் குடியிருப்புகள் அடுக்கடுக்காக எழுந்து, அடிக்கடி சரிந்தும் எரிந்தும் போயின. அகஸ்டஸ் பேரரசர் அவற்றின் உயரம் 70 உரோமானிய அடிக்கு மேல் போகலாகாது என்று வரையறுத்தார்; பின்வந்த டிராஜன் அதனை 60 அடியாகக் குறைத்தார். இலண்டன் மாநகரில் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் 80 அடி என்று எல்லை வகுத்தது. நியூயார்க் நகரில் 1915-இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டிடம் அண்டை வீதிகளை நிழலில் ஆழ்த்தவே, மறு ஆண்டிலேயே, அதாவது 1916-இல், உயரம் கூடக் கூடக் கட்டிடம் படிப்படியாக உள்ளடங்கிச் செல்லவேண்டும் என்ற விதி பிறந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. ஊரில் கோபுரத்தைவிட உயரமாக வீடு கட்டலாகாது என்பது எழுதாத வழக்கமாகவே இருந்து வந்தது. பிற்காலத்தில் அந்த வழக்கம் எழுதிய விதியாகவும் ஆயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழும்பக் கூடாது என்று 1997-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. அது மீறப்பட்டதாகவும் வழக்குகள் நீதிமன்றம் சென்றிருக்கின்றன. விதி இருப்பது வேறு, அது காக்கப்படுவது வேறு என்பதற்கும் மதுரையே சான்று.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. உயர விதி கட்டிடத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது கட்டிடத்திற்கு வெளியே இருப்பவற்றைப் பற்றியது. வீதி, வெயில், காற்று, தீயணைப்பு வண்டி, வானத்தில் செல்லும் விமானம், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய இவையே அந்த விதியின் உண்மையான பொருள்கள். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இத்தகைய ஆவணங்களில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் தளப்பரப்பு விகிதம் என்பது. ஒரு மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அதன் பொருள். 100 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 200 சதுர மீட்டர் கட்டலாம் என்றால், அதனைச் சென்னையில் 2 என்று எழுதுவர். டில்லியில் 200 என்று எழுதுவர். இரண்டும் ஒன்றே. ஊருக்கு ஊர் எழுதும் முறை மாறுவதால், சென்னையிலிருந்து வரும் நண்பர் டில்லி விளம்பரத்தைப் பார்த்து மலைத்துப்போக வேண்டியதில்லை.

இந்த விகிதமும் உயரமும் ஒன்றல்ல என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். அதே 200 சதுர மீட்டரை மனை முழுவதும் பரப்பி இரண்டு மாடியாகவும் கட்டலாம். பாதி மனையை வெற்றிடமாக விட்டு நான்கு மாடியாகவும் கட்டலாம். வாழும் இடம் ஒன்றே, வடிவம் வேறு. ஆகவே உயரம் கூடியதாலேயே நெருக்கடி கூடிவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. உயரம் குறைவாக இருப்பதாலேயே காற்றோட்டம் உண்டு என்று நம்புவதும் தவறு. உயரத்தோடு வேறு எதைக் கொடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று பார்ப்பதே சரியான முறை.

அடுத்தது வீதி. கட்டிடத்தின் உயரத்தை வீதியின் அகலத்தோடு பிணைப்பது நம் நாட்டு நகர விதிகளில் பழகிப்போன முறை. பம்பாய் நகர விதிகளில் நெடுங்காலம் இருந்த கணக்கு எளிமையானது. வீதியின் அகலத்தையும், கட்டிடத்தின் முன்னால் விட்ட வெற்றிடத்தையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டிடம் உயரலாகாது. வீதி 6 மீட்டர், முன்வெளி 3 மீட்டர் என்றால், கூட்டுத்தொகை 9. ஒன்றரை மடங்கு பதின்மூன்றரை மீட்டர். அந்த வீதியில் அதுவே எல்லை. வீதி அகன்றால் வீடு உயரலாம். வீதி குறுகினால் வீடு அடங்கவேண்டும். இதைவிட நியாயமான ஒப்பந்தம் வேறு என்ன இருக்கமுடியும்?

இனி டில்லிக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. அது வகுத்த முதல் மாஸ்டர் பிளான் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து டில்லி வீடுகளை இரண்டரை மாடி வீடுகள் என்பர். கீழ்த்தளம், முதல் மாடி, அதற்குமேல் மொட்டை மாடியின் ஒரு பகுதியில் மட்டும் ஓர் அறை. அந்த அறைக்குப் பர்சாத்தி என்று பெயர். பர்சாத் என்றால் மழை. கோடையில் மொட்டை மாடியில் உறங்குபவர்கள் திடீரென மழை வந்தால் ஒதுங்குவதற்கான இடம் என்பது அதன் பொருள். டில்லிக்கு வேலைதேடி வந்த தமிழ் இளைஞர் எத்தனையோ பேர் தம் முதல் வாடகையைப் பர்சாத்திக்குத்தான் கொடுத்தனர். சித்திரை வெயிலில் அது அடுப்பு. தை மாதத்தில் பனிக்கூடம். ஆயினும் வானம் சொந்தமாக இருந்தது.

பின்னர் மக்கள்தொகை பெருகிற்று, விதிகளும் தளர்ந்தன. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மாஸ்டர் பிளான், மனை வீடுகளின் உயரத்தை 15 மீட்டர் என்று வரையறுத்தது. பிறகு வந்த திருத்தத்தின்படி, கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின்மேல் நிறுத்தி வண்டி நிறுத்தும் இடமாக விட்டால் பதினேழரை மீட்டர் வரை போகலாம் என்றாயிற்று. இந்தத் தூண்தளத்தை ஸ்டில்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டரை மாடிக் கோட்டிகள் மறைந்து, தூண்தளமும் நான்கு மாடியும் கொண்ட பில்டர் ஃபுளோர் வீடுகள் தெருத்தெருவாக எழுந்தது இந்த மாறுதலின் விளைவே.

15 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது? தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு 1970-இல் முதன்முதலாக வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. 15 மீட்டரை எட்டிய கட்டிடத்தை உயர்ந்த கட்டிடம் என்று அது வகைப்படுத்துகிறது. அந்த வகைக்குள் வந்துவிட்டால் தனி நீர்த்தொட்டி, குழாய் வரிசை, தப்பிச்செல்லும் படிக்கட்டு ஆகிய கடமைகள் மிகுகின்றன. காரணம் எளிது. தீயணைப்பு வீரர் வெளியிலிருந்து ஏணி சாத்தி மீட்கக்கூடிய உயரம் ஒன்று உண்டு. அதற்குமேல் போனால் கட்டிடம் தன்னைத்தானே காத்துக்கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த விதிகள் இந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போட்டிருக்கின்றன. கோடு சற்று மேலும் கீழும் நகரலாம். கோட்டின் நோக்கம் ஒன்றே.

சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டிடத்தை அறியாத தமிழர் இலர். 1959-இல் திறக்கப்பட்ட அது, அக்காலத்தில் நாட்டிலேயே மிக உயரமான கட்டிடமாகத் திகழ்ந்தது. ஊரிலிருந்து வருவோர் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். 1975-ஆம் ஆண்டு ஜூலையில் அது தீப்பற்றியபோது, தீயணைப்புப் படையின் ஏணிகள் மேல்மாடிகளை எட்டவில்லை. கட்டிடம் தப்பிப் பிழைத்து இன்றும் நிற்கிறது. ஆனால் வானளாவக் கட்டத் தெரிந்த நகரம், அதற்கு ஏற்ற ஏணியையும் தண்ணீரையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கவேண்டும் என்ற பாடத்தை அந்தத் தீ கற்பித்தது.

மூன்றாவது, வெயில். இதில் டில்லிக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. டிசம்பர் மாத இறுதியில், நண்பகலில்கூட டில்லியில் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 38 பாகை உயரமே எழுகிறது. சென்னையில் அதே நாளில் 53 பாகைக்கு மேல் எழுகிறது. ஆகவே 15 மீட்டர் வீட்டின் நண்பகல் நிழல் சென்னையில் சுமார் 11 மீட்டர்; டில்லியில் சுமார் 19 மீட்டர். 60 மீட்டர்க் கோபுரக் கட்டிடமானால் டில்லியில் நிழல் 75 மீட்டரையும் தாண்டும். சென்னையில் பக்கத்து வீட்டின் நிழல் ஒரு கொடை. டில்லிக் குளிர்காலத்தில் அது ஒரு தண்டனை. மார்கழி, தை மாதங்களில் முற்றத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு வெயிலில் அமர்ந்து கடலை உரிப்பதும், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதும், முதியவர்கள் மூட்டுவலிக்கு இதம் தேடுவதும் டில்லி வாழ்வின் பகுதிகள். தெற்கே எழும் ஒரு கட்டிடம் இவ்வளவையும் எடுத்துக்கொண்டுவிடும். எனவே ஓர் ஊரின் உயர விதியை மற்றோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து வைக்கமுடியாது.

நான்காவது, வானம். மோதி பாக் வட்டாரத்திற்கு ஒரு பக்கம் பாலம் விமான நிலையம். மறுபக்கம் சஃப்தர்ஜங் விமானத் திடல். விமானங்கள் பாதுகாப்பாக ஏறி இறங்குவதற்காக, விமானத்தளத்தைச் சுற்றி 4 கிலோமீட்டர் வட்டத்தில், தளமட்டத்திற்கு மேல் 45 மீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருப்பதாக எண்ணிக்கொண்டு உயரம் கணக்கிடுவது உலகெங்கும் பின்பற்றப்பட்டுவந்த பொது முறை. அந்த வட்டத்தைத் தாண்டியபின் கூரை சரிவாக மேலெழும்பும். விமானம் இறங்கும் பாதைக்கு நேர்கீழே விதி இன்னும் கடுமை. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விதிகள் இதனை முறைப்படுத்தின. இந்த அனுமதிச் சான்றில் உயரம் தரையிலிருந்து அன்று, கடல்மட்டத்திலிருந்து எழுதப்படும். எடுத்துக்காட்டாக, கடல்மட்டத்திற்கு மேல் 280 மீட்டர் என்று சான்று கூறினால், 280 மீட்டர்க் கட்டிடம் என்று பொருளன்று. அந்த மனையே கடல்மட்டத்திற்கு 220 மீட்டர் உயரத்தில் இருந்தால், கட்டக்கூடியது 60 மீட்டர் மட்டுமே. வீடு வாங்குவோரைக் குழப்பும் இடங்களுள் இது ஒன்று.

இப்போது நம் வட்டாரத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை, தென் டில்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், ஸ்ரீநிவாசபுரி, முகமதுபூர் என்பன அந்த ஏழு. அங்கிருந்த 12,970 வீடுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 25,667 வீடுகள் கட்டுவது திட்டம். இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. அரசு வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர். பழைய வீடுகள் ஒழுகத் தொடங்கிவிட்டன. நகரின் நடுவே தாழ்வாக வீடு கட்டிக்கொண்டே போனால், இளைய ஊழியர் நகரின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு, நாளும் பல மணி நேரத்தைப் பேருந்தில் கழிக்கவேண்டும். உயரக் கட்டினால் நிலம் மிச்சமாகும் என்ற வாதத்தில் உண்மை உண்டு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூனில், இத்திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட இருப்பதை அறிந்து மக்கள் தெருவில் இறங்கினர். டில்லி உயர் நீதிமன்றமும் தலையிட்டு மரம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. உயரக் கட்டினால் நிலம் மிச்சமாகுமென்றால் மரங்கள் ஏன் போகவேண்டும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும். விடை நிலத்திற்கு அடியில் இருக்கிறது. வீடுகள் பெருகினால் வண்டிகளும் பெருகும். வண்டிகளை நிறுத்த மனை நெடுக நிலவறை தோண்டுவர். நிலவறையின் கூரைமேல் புல் வளரும், வேப்பமரம் வேரூன்றாது. ஆகவே மேலே எத்தனை மாடி என்று கேட்பதோடு, கீழே எவ்வளவு மண் மிஞ்சுகிறது என்றும் கேட்கவேண்டும்.

விதி இருந்தும் இவ்வளவு சிக்கல் என்றால், விதியே இல்லாத இடத்தின் நிலை என்ன? டில்லியில் நகரத்திற்கு நடுவே பல கிராமங்கள் சிக்கிக்கிடக்கின்றன. மோதி பாகுக்கு அருகிலேயே முகமதுபூர் உண்டு, முனீர்க்கா உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் வருவாய்த்துறை, கிராமத்தார் குடியிருக்கும் பகுதியைப் படத்தில் செந்நிறக் கோட்டால் குறித்தது. அதற்கு லால் டோரா, அதாவது செந்நூல், என்று பெயர். 1963-ஆம் ஆண்டில் இப்பகுதிகளுக்குக் கட்டிட விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மாட்டுக்கொட்டிலுக்கும் வைக்கோல் அறைக்கும் நக்ஷா போட்டு அனுமதி வாங்கச் சொல்வது கொடுமை என்பதால் தரப்பட்ட சலுகை அது. பின்னர் நகரம் சூழ்ந்தபோது, கொட்டில் இருந்த இடத்தில் ஐந்து மாடியும் ஆறு மாடியும் எழுந்தன. சந்து மட்டும் அன்றிருந்தபடியே இருந்தது. இரு வீட்டின் பலகணிகளிலிருந்து இருவர் கைகுலுக்கிக்கொள்ளலாம். கீழே மின்கம்பிகள் கொடிபோல் தொங்கும். தீயணைப்பு வண்டி சந்தின் வாயிலிலேயே நின்றுவிடும். வாடகை குறைவு என்பதால், நம் மாணவர்களும் செவிலியர்களும் புதிதாக வேலைக்கு வந்தோரும் தங்குவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

அளவுமீறிய மாடியின் விலையை டில்லி பலமுறை செலுத்தியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்கு டில்லி இலட்சுமி நகர்ப் பகுதியில், லலிதா பார்க்கில் ஒரு பல மாடிக் குடியிருப்பு இடிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடிவந்த வாடகைக் குடும்பத்தினர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அதிகாலையில், தமிழர்கள் நன்கறிந்த கரோல் பாகில் ஒரு விடுதி தீப்பற்றி 17 பேர் மாண்டனர். உயிர் தப்ப மாடியிலிருந்து குதித்தவர்களும் உண்டு.

தூண்தளத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2001-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று குஜராத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்தில், நடுக்கத்தின் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த அகமதாபாத் நகரிலும் பல அடுக்ககங்கள் சரிந்தன. அவற்றுள் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின்மேல் நிறுத்தியவை பல. மேலே சுவர்களால் இறுகிய கனமான மாடிகள். கீழே மெலிந்த கால்கள். குலுங்கியபோது கால்கள் முறிந்தன. டில்லியும் நிலநடுக்க அபாயம் மிகுந்த நகரமே. ஆகவே தூண்தளத்திற்காகக் கொடுத்த கூடுதல் உயரம், அந்தத் தூண்களை அதற்கேற்ப வலுவாகக் கட்டுவோருக்கே உரியது.

இவற்றையெல்லாம் கேட்ட நேயர் ஒருவர், சாமானிய மனிதன் என்ன செய்யமுடியும் என்று வினவலாம். அதற்கு விடையாக, டில்லியை அடுத்த நொய்டாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். அங்கே 93-ஏ பிரிவில் எமரால்டு கோர்ட் என்ற குடியிருப்பில், சூப்பர்டெக் நிறுவனம் இரண்டு கோபுரக் கட்டிடங்களை எழுப்பியது. சுமார் 73 மீட்டர் உயரமுள்ள குதுப்மினாரையும் மிஞ்சி அவை நூறு மீட்டரை நெருங்கின. அந்த இடத்தில் தோட்டம் வருமென்று நம்பி வீடு வாங்கியிருந்தவர்கள் குடியிருப்போர் சங்கமாகத் திரண்டு நீதிமன்றம் சென்றனர். அவர்களிடம் பெரும் செல்வமில்லை. அவர்கள் கையில் இருந்தது கட்டிட விதி ஒன்றுதான். இரு கட்டிடங்களுக்கிடையே குறைந்தது 16 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அங்கே இருந்ததோ 9 மீட்டர். 2014-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வெடிமருந்து வைத்து இரு கோபுரங்களும் சில நொடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன.

இந்த வழக்கில் நாம் கவனிக்கவேண்டியது இடிந்த காட்சியை அன்று. அதனை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கவனிக்கவேண்டியது, வழக்கின் முடிவைத் தீர்மானித்தது எது என்பதையே. எத்தனை மாடி என்ற எண்ணைவிட, இரண்டு சுவர்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்ற எண்ணே அங்கு வலுவாக நின்றது. உயரத்தின் நியாயம் உயரத்தில் இல்லை. பக்கத்தில் விட்ட வெளியில் இருக்கிறது. அதை அளந்து பார்த்தவர்கள் பொறியியல் அறிஞர்களல்லர், அங்கே குடியிருந்தவர்கள்.

ஆகவே வெளிமாநிலத்தில் வீடு வாங்கவோ வாடகைக்குப் புகவோ இருக்கும் நம் மக்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். அனுமதி பெற்ற நக்ஷாவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதில் உள்ள மாடிகளையும் கண்ணெதிரே நிற்கும் மாடிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மாடி மிகுதியாக இருந்தால், பெரும்பாலும் அந்த மாடியைத்தான் உங்களுக்கு மலிவாகத் தருவார்கள். கட்டிமுடித்த சான்றிதழ் உண்டா என்று வினவுங்கள். வண்டி நிறுத்தும் தூண்தளத்தை அடைத்துக் கடையோ அறையோ ஆக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறதா, மாடிப்படியில் மூட்டை முடிச்சுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். மொழி தெரியவில்லை என்று கூச்சப்படவேண்டாம். நக்ஷா என்ற ஒரு சொல்லே போதும். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறுகிறதா இல்லையா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அரசு வீட்டில் வாழ்பவர்களுக்கு நக்ஷா கேட்கும் தேவை இல்லாமல் இருக்கலாம். பணிக்காலம் முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் நமக்கு இதில் என்ன அக்கறை என்றும் தோன்றலாம். ஆனால் டில்லி வளர்ச்சி ஆணையம் 2021-ஆம் ஆண்டில் அடுத்த மாஸ்டர் பிளானின் வரைவை வெளியிட்டபோது, பொதுமக்கள் தம் கருத்தையும் ஆட்சேபத்தையும் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தது. அந்த அழைப்பு நிலத்துக்காரருக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. நகரில் வாழும் எல்லோருக்கும் விடுக்கப்பட்டது. நாளை நம் வீட்டில் வந்து குடியேறப்போகும் இளைய ஊழியருக்கு வெயிலும் மரமும் மிஞ்சவேண்டும் என்று ஓர் அஞ்சலட்டை எழுதும் உரிமை, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு.

நகரங்கள் வளரத்தான் செய்யும். மக்கள் பெருகும்போது மாடிகள் பெருகுவதை யாரும் தடுக்கமுடியாது, தடுக்க வேண்டியதுமில்லை. பழைய தாழ்வான வீடுகளே சொர்க்கம் என்று பெருமூச்சு விடுவதால் புதிதாக வருபவருக்கு வீடு கிடைத்துவிடாது. நாம் வேண்டுவதெல்லாம் ஒன்றே. வீடு ஒரு மாடி உயரும்போது, அதற்கு ஏற்ப வீதியும், ஏணியும், தண்ணீரும், மரத்துக்கு மண்ணும், பக்கத்து வீட்டுக்கு வெயிலும் கணக்கில் வரவேண்டும். கணக்கில் வராதவற்றின் செலவை எப்போதும் எளியவர்களே செலுத்துகிறார்கள். எனவே புதிய கட்டிடம் ஒன்றை அண்ணாந்து பார்த்து வியக்குமுன், அதன் முன்னால் உள்ள வீதி எவ்வளவு அகலம் என்று சற்றே குனிந்து பார்த்துக்கொள்வோமாக.